எட்டு சென்டிமீட்டர்

மோகனப்பிரியாவுக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "கெமிக்கல் எவ்வளவு வேகமாப் போகுதுன்னு அளக்கறாளுங்க" என்று அவள் அம்மா சொல்லி முடித்துவிடுவாள். கேட்டவர்களும் அதற்குமேல் கிளற மாட்டார்கள். உண்மையில் அந்தப் பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு வினை நடக்குமா நடக்காதா என்று தலையை உடைத்துக்கொள்ள வேறு ஆட்கள் இருந்தார்கள். எந்த வேகத்தில் நடக்கிறது, நாளைக்கு எவ்வளவு நடந்திருக்கும், எப்போது நிற்கும் என்பதுதான் மோகனாவின் பிழைப்பு. கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு வயதில் அவள் வரைந்த ஒரு நேர்கோட்டை நம்பித்தான் இன்று இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் உயிரோடு இருந்தார்கள்.

சில குழந்தைகளுக்கு இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துப்போகும் பெரிய குழாய் பிறக்கும்போதே சுருங்கிப் போயிருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைக்கலாம். ஆனால் வைத்த குழாய் வளராது, குழந்தை வளரும். அதனால் இரண்டு வயதில் ஒரு தடவை, ஆறில் ஒரு தடவை, பதினொன்றில் ஒரு தடவை என்று நெஞ்சைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது தடவை வரைக்கும் வந்து சேராத குழந்தைகள் நிறைய. இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டத்தான் குழந்தையோடு கூடவே வளர்கிற ஒரு பாலிமர் குழாயை நிலையம் செய்தது. வளர்குழாய் என்று பெயர். ஒரே ஒரு அறுவை சிகிச்சை, அதோடு சரி.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற கோகிலா, இரண்டரை வயது மகிழை மடியில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். அது நாலரை வருஷத்துக்கு முந்தைய கதை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு சந்தேகம் என்றாள்.

"அது பாட்டுக்கு வளந்துட்டே போச்சுன்னா என்னங்க மேடம் பண்றது?"

மோகனாவுக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது. பெரிய பெரிய நிபுணர்கள் அரைமணி நேரம் சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்வி அது.

"தூங்க வெச்சிருக்கோம்ங்க. இந்தக் குழாய் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சங்கிலிதான். ஒவ்வொரு சங்கிலி நுனியிலயும் ஒரு மூடி இருக்கு. மூடி இருக்கற வரைக்கும் சங்கிலி தூங்கும். பாப்பாவோட தோலுக்கு அடியில ஒரு சின்ன விளக்கு வெப்போம். வெளிச்சம் பட்டா மூடி கழலும், சங்கிலி முழிச்சுக்கும், ரெண்டு கண்ணியைச் சேர்த்துக்கும். உடனே மூடி திரும்ப வந்து உட்கார்ந்துக்கும். லட்சம் சங்கிலி இருந்தா ஒரு சமயத்துல ஒண்ணோ ரெண்டோதான் முழிச்சிருக்கும்."

"எல்லாம் ஒட்டுக்கா முழிச்சுட்டா?"

"முழிச்ச சங்கிலி ரெண்டு சந்திச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் ரெண்டுமே செத்த மாதிரிதான், வளராது. அது நடக்காமப் பார்த்துக்கறதுதான் மூடியோட வேலை. பதினாறு வயசு வரைக்கும் நூத்துல மூணுக்கு மேல சாகாதுன்னு நான் கணக்குப் போட்டிருக்கேன்."

"நீங்களேங்களா போட்டது?"

"நானேதான்."

கோகிலா கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு மாதம் தவறாமல் வந்தாள். குழந்தையின் விலாவில் வைத்த சின்னப் பைக்குள் கண்ணி மருந்தை நிரப்ப வேண்டும். தாய்மார்கள் எல்லோரும் அதற்கு டாப்-அப் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு டாப்-அப் அன்றும் மகிழை உயரம் பார்க்கும் பலகைமேல் நிறுத்தி, ஏறியிருக்கிற அரை சென்டிமீட்டரைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கோகிலா கிளம்புவாள்.

ஆனி மாதத்தில் சேலத்துப் பையன் ஒருவன் பள்ளிக்கூட வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தான். ஒன்பது வயது. குழாய் பக்கவாட்டில் கிழிந்திருந்தது. மருத்துவர்கள் குழாயை வெட்டி எடுக்கப் பார்த்தார்கள். ஐந்து வருஷத்தில் அது இதயத்தின் சதையோடு ஒன்றாகக் கலந்து போயிருந்தது. எது குழாய், எது சதை என்றே பிரிக்க முடியவில்லை. பையன் மேஜையிலேயே போய்விட்டான். மூன்று வாரம் கழித்து நாகர்கோவிலில் ஒரு பெண் குழந்தை. இரண்டுக்கும் கிருமித் தொற்றுதான் காரணம் என்று நிலையம் அறிக்கை விட்டது. இயக்குநர் ஜெயசீலன் அதை எழுதும்போது உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான்.

சேலத்துக் குழாயில் நகத்தளவு துண்டு மோகனாவின் மேஜைக்கு வந்தது. இறந்த சங்கிலிகளை எண்ணுவது ஒரு நாள் வேலை. மூன்று சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று இருந்தது. கருவியில்தான் கோளாறு என்று அவள் இரண்டாவது நாளும் எண்ணினாள், மூன்றாவது நாளும் எண்ணினாள். செத்த சங்கிலி நீளாது, வளையாது. அக்கம்பக்கம் வளரும்போது அது மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். முப்பதைத் தாண்டினால் ரத்தத்தின் அழுத்தத்துக்குக் கிழியத்தான் செய்யும்.

பழைய சோதனையை அவள் திரும்பச் செய்தாள். அதே மருந்து, அதே விளக்கு, அதே சூடு. விளக்கைக் கூட்டி வைத்தால் உடம்பில் ஒரு வருஷம் நடப்பது குடுவையில் ஒரு வாரத்தில் நடந்துவிடும். அன்றைக்குப் பத்து வாரம் ஓட்டியபோது கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராகப் போயிருந்தது. இந்தத் தடவை மாதிரி எடுக்கும் இயந்திரம் ஒன்று புதிதாக வந்திருந்ததால் மனிதர்கள் யாரும் கிட்டே போகவே தேவையில்லை. மூடிய பெட்டிக்குள் அது பாட்டுக்கு ராப்பகலாக ஓடியது. இரண்டாவது வாரத்திலேயே கோடு சரிந்துவிட்டது.

ஒரே பொருள் இரண்டு விதமாக நடந்துகொள்ளாது. அப்படியானால் நடத்தியவர்கள் ஏதோ வேறாகச் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு மாதிரி எடுத்தது இரண்டே பேர். ஒன்று மோகனா. இன்னொன்று ஆய்வக உதவியாளர் ரங்கநாயகி. அவள் ஓய்வு பெற்று சிங்காநல்லூரில் மகன் வீட்டில் இருந்தாள். மோகனா பழைய நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாள்.

ரங்கநாயகிக்கு ஒரே சந்தோஷம். காபி கொடுத்தாள், முட்டிவலியைப் பற்றிச் சொன்னாள், மருமகளைப் பற்றிக் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள். மோகனா ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். குடுவையை எதில் கழுவினீர்கள், ஊசியை எப்படிக் காய வைத்தீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள். எல்லாம் நோட்டில் இருந்தபடியேதான் இருந்தது.

"ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் நடுவுல ஒரு நாளும் மாதிரியே எடுக்கலையேக்கா, ஏன்?" என்றாள் மோகனா.

"சாப்பாட்டு நேரமாச்சேம்மா. மெயினை அணைச்சுப்போட்டுத்தானே சாப்பிடப் போவோம்."

"விளக்கையுமா?"

"எல்லாத்தையும்தான். கரண்டு வீணாகுதுன்னு மேல இருந்து சர்க்குலர் வந்து கதவுலயே ஒட்டியிருந்துதே, மறந்துட்டயா? ஒரு மணியாச்சுன்னா ஹாலே இருட்டாயிரும். ராத்திரிக்கு மட்டும் வாட்ச்மேன்கிட்டச் சொல்லி எரிய விட்டுட்டுப் போவோம். ஒருக்கா நான் ரெண்டு மணிக்குப் போட மறந்துட்டேன்னு நீ என்னைய அந்தச் சத்தம் போட்டயே."

மோகனா நோட்டைப் புரட்டினாள். இத்தனை நாளும் அவள் கண் தாண்டிப்போன ஓரத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் ரங்கநாயகியின் உருண்டைக் கையெழுத்தில் 'விளக்கு இல்லை 1–2' என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு மணி நேரம் கழிக்கப்பட்டிருந்தது. சிவப்பு மை மோகனாவுடையது. வெளிச்சத்தில் நடக்கும் வினைக்கு வெளிச்சம் இருந்த நேரத்தை மட்டும்தான் எண்ணுவது அந்தத் துறையின் வழக்கம். இருட்டில் எதுவும் நடக்காது, ஆகவே இருட்டு நேரம் கணக்கில் வராது. உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவளும் செய்தாள். அவளுடைய ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர், இவ்வளவு சுத்தமான நேர்கோட்டைப் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தார்.

"ஏம்மா, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?" என்று ரங்கநாயகி கேட்டாள்.

"நீங்க எழுதித்தான் வெச்சிருக்கீங்கக்கா. நான்தான் கழிச்சுட்டேன்" என்று சொல்லும்போது மோகனாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. ரங்கநாயகிக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருட்டில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. வெளிச்சம் மூடியைக் கழற்றுவதோடு நிற்காமல், எப்போதாவது ஒரு தடவை மூடியையே உடைத்தும் விடுகிறது. உடைந்த மூடி இருட்டில் தானாகக் கூடிக்கொள்ளும், அதற்கு நாற்பது நிமிடம் வேண்டும். வெளிச்சத்தில் பாதி கூடும்போதே மறுபடி உடையும், சில நாளில் துண்டுகள் ரத்தத்தோடு போய்விடும். மூடி பாதியானால் விழித்திருக்கும் சங்கிலிகள் இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு விழித்திருந்தால் ஒன்றையொன்று சந்தித்துச் சாவது நாலு மடங்கு. கணக்கு அவ்வளவு எளிது, பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுவிடும்.

ஜெயசீலன் அறைக்கு அவள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் கடைசியாகப் பிடித்துக்கொண்டது, குழந்தைகளுக்கு முன்னால் குழாயை வைத்துச் சோதித்த செம்மறி ஆடுகளை. பதினாலு மாதம் ஆடுகளுக்குள் குழாய் நன்றாகத்தானே இருந்தது என்றார். ஆடுகளின் விளக்கில் பேட்டரி இருந்தது, அதைத் தினமும் ஒரு மணி நேரம் கழற்றிச் சார்ஜ் செய்தார்கள் என்று மோகனா நினைவுபடுத்தினாள். குழந்தைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிற்பாடு உடல் சூட்டிலேயே எரியும் விளக்காக மாற்றினார்கள். சார்ஜ் தேவையில்லாத, ஒரு நிமிடம்கூட அணையாத விளக்கு. அந்த முன்னேற்றத்துக்கு நிலையம் ஒரு விருதும் வாங்கியிருந்தது.

"புதுசா மூடியை ஊசியில ஏத்த முடியாதா?"

"ரத்தத்துல நேரா கலந்தா விஷம் சார்."

"அப்ப எத்தனை பேரைக் காப்பாத்தலாம்?"

"வெச்சு ஒரு வருஷம் ஆகாதவங்க முப்பத்தி நாலு பேர். தினம் ஒரு மணி நேரம் விளக்கை அணைச்சாப் போதும். மத்தவங்களுக்கு மூடியே மிச்சம் இல்ல. விளக்கு எரிஞ்சா குழாய் கிழியும். அணைச்சுட்டா கிழியாது, ஆனா அதுக்குமேல வளராது. குழந்தை வளர வளரக் குழாய் பத்தாமப் போய் இதயம் வீங்கும்."

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எல்லா விளக்கையும் இங்கிருந்தே அணைத்துவிடலாம், பராமரிப்பு என்று ஒரு கடிதம் அனுப்பிவிடலாம் என்றார். சொல்லி என்ன ஆகப் போகிறது, ஒரு வருஷமாவது அவர்கள் நிம்மதியாக இருக்கட்டுமே என்றார். அதில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது என்பதுதான் மோகனாவுக்குத் தாங்க முடியவில்லை. விளக்குகளை அன்றே அணைக்க ஒத்துக்கொண்டாள். கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, ஒவ்வொரு குடும்பத்தையும் தானே கூப்பிட்டுச் சொல்லப் போவதாகச் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கும் யாராவது அதைச் செய்தால் தேவலை என்று இருந்தது.

நூற்று எழுபத்தாறு குடும்பங்கள். ஒருவர் நாற்காலியைத் தூக்கி அடித்தார். ஒரு தாய் அவள் காலைப் பிடித்தாள். ஒரு தகப்பன் முழுவதும் கேட்டுவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான், அதுதான் மோசம். கோகிலாவை மோகனா கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள், இனித் தள்ள முடியாது என்கிற வரைக்கும்.

மகிழ் வெளியே நர்ஸோடு இருந்தாள். ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. மோகனா மறைக்காமல் சொன்னாள். சர்க்குலரைச் சொன்னாள், சிவப்பு மையைச் சொன்னாள். தன்மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டு, அடி விழுந்தால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தாள். கோகிலா அடிக்கவில்லை, அழவும் இல்லை. பனியன் தைத்து வந்தால் ஓட்டையைத் தேடுகிற அதே பார்வையோடு மோகனா சொன்னதையெல்லாம் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"இப்ப விளக்கு அணைஞ்சிருச்சுங்களா?"

"அணைச்சாச்சுங்க. என் கணக்குப்படி மகிழுக்கு நூத்துல பத்தொம்பது சங்கிலிதான் செத்திருக்கு. இனிக் கிழியாது."

"குழாய் இப்ப இருக்கற அளவு பத்தற வரைக்கும் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க."

"எவ்வளவு வளத்திக்குங்க பத்தும்?"

இந்த இடத்தில் மோகனா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எவ்வளவு என்று யாராவது கேட்டால் எண்ணைச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்து வந்தவள் வேறு.

"நூத்தி இருபத்தாறு சென்டிமீட்டர். இப்ப நூத்திப் பதினெட்டு இருக்கா."

"எட்டு" என்றாள் கோகிலா.

"சாதாரணமா ஒண்ணரை வருஷத்துல வளர்ந்துடுவாங்க. அதுக்கப்புறம் மெல்ல மெல்ல இதயம் கஷ்டப்படும். மூணு வருஷம், நாலு வருஷம் போகலாம். அதுக்குள்ள நாங்க ஏதாவது..." மோகனா நிறுத்திக்கொண்டாள். அதற்குள் எதுவும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

வளர்ச்சியை நிறுத்துகிற ஊசி ஏதாவது உண்டா என்று கோகிலா கேட்டாள். உண்டு, ஆனால் இதயம் பலவீனமான குழந்தைக்கு அதைப் போட எந்த மருத்துவரும் சம்மதிக்க மாட்டார் என்று மோகனா சொன்னாள். கோகிலா சரிங்க என்று எழுந்தாள். இனி டாப்-அப் இல்லையென்றாலும் மாதாமாதம் உயரம் பார்க்க வரலாமா என்று கேட்டாள். மோகனா தாராளமாக வரச் சொன்னாள்.

அடுத்த மாதம் மோகனா விடுமுறையில் இருந்தாள். அதற்கடுத்த மாதம் விசாரணைக் குழு வந்து அவளைப் பிழிந்து எடுத்தது. மூன்றாவது மாதம்தான் பார்த்தாள். பலகைமேல் மகிழை நிறுத்திவிட்டு நர்ஸ் நூற்றுப் பதினெட்டு என்று படித்தாள். கோகிலா குனிந்து தன் கண்ணாலும் பார்த்துக்கொண்டாள். முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

"மூணு மாசமா ஏறவே இல்லீங்க மேடம்" என்றாள்.

மோகனாவுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. நர்ஸ் எடையைப் படித்தபோதுதான் நிமிர்ந்தாள். மூன்று கிலோ குறைந்திருந்தது. மகிழின் மணிக்கட்டு வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கன்னம் ஒட்டி, பெரிய ஆள் முகம் ஒன்று வந்திருந்தது. இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் மோகனா கதவைச் சாத்தினாள்.

"கோகிலா, என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?"

"காலைல ஒரு இட்டிலிங்க. மத்தியானம் ரசஞ்சோறு கொஞ்சமா. ராத்திரிக்குக் கஞ்சித் தண்ணி. பாலு, முட்டை, பருப்பு எல்லாம் நிறுத்திட்டனுங்க. பள்ளிக்கூடத்துல சத்துணவு போட்டுருவாங்கன்னு அங்கயும் அனுப்பறதில்ல." ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டு வந்தவள் கடைசியில் மகிழின் தலையைத் தடவினாள். "ரெண்டரை வயசு வரைக்கும் எதுவுமே உள்ள எறங்காதுங்க மேடம். ஒரு வாய் ஊட்ட வீதி பூராவும் தூக்கிட்டு நடப்பேன். இப்ப அதுவா வந்து கேக்குது."

"இப்படிச் செய்யக் கூடாதுங்க. உடம்பு தாங்காது. வேற வியாதி வந்துரும்."

"வந்தா மருந்து இருக்குதுங்களா, அந்த வேற வியாதிக்கு?"

மோகனா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"இதுக்கு இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க. எட்டு சென்டிமீட்டர் இருக்குதுன்னீங்க. அதைய நான் பத்து வருசத்துக்கு இழுத்துருவேனுங்க. அதுக்குள்ள நீங்க ஏதாவது கண்டுபிடிச்சிர மாட்டீங்களா?"

தடுக்க வேண்டும் என்று மோகனாவுக்குத் தெரிந்தது. குழந்தைகள் நல அலுவலருக்கு ஒரு ஃபோன் செய்தால் போதும். வந்து மகிழைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று வேளையும் நன்றாகப் போடுவார்கள், அவள் ஒன்றரை வருஷத்தில் வளர்ந்துவிடுவாள். மோகனாவின் மனசு தன்போக்கில் கணக்குப் போட்டது. இந்த வேகத்தில் போனால் எட்டு சென்டிமீட்டர் எத்தனை காலம் வரும், பட்டினி எந்தக் கட்டத்தில் இதயத்தைத் தொடும், எது முந்தும். பட்டினிதான் முந்தியது, ஆனால் வெறும் ஏழு மாத வித்தியாசத்தில். கொஞ்சம் பாலும் பருப்பும் கூட்டினால் அந்த ஏழு மாதத்தையும் சரிக்கட்டிவிடலாம். அவள் ஒரு தாளை எடுத்து எந்த வேளைக்கு எத்தனை கிராம் என்று எழுத ஆரம்பித்தாள். எழுதும்போது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எழுதினாள்.

கோகிலா தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுப் பர்சுக்குள் வைத்தாள்.

பக்கத்து அறைப் பெண்ணுக்கு அன்றைக்குப் பதவி உயர்வு. காலையில் எல்லோர் மேஜையிலும் ஆளுக்கு ஒரு பெட்டி லட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். மோகனாவின் பெட்டி மூடி திறந்தபடி கிடந்தது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் மகிழ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மோகனாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"ஆன்ட்டி, எனக்கு ஒண்ணு தருவீங்களா?" என்றாள் மகிழ். அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்ததுபோல் மெதுவாகத்தான் கேட்டாள்.

கோகிலா மோகனாவைப் பார்த்தாள். மோகனா லட்டுப் பெட்டியை எடுத்து மூடினாள். மேஜை டிராயரைத் திறந்து அதற்குள் வைத்துச் சாத்தினாள்.

"அது காலிம்மா" என்றாள்.